பதினான்காம் எண் சாவி

லியோன் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற 'மூன்று புறா' விடுதியின் வரவேற்பு மேசையில் மரிவோன் பாதி ஆயுளைக் கழித்தவள். மலிவான விடுதி. லிஃப்ட் கிடையாது, குளியலறை மாடிக்கு ஒன்று. முணுமுணுப்பவர்களிடம், "இந்தக் காசுக்கு அரண்மனையா கேக்கறீங்க?" என்பாள். அதற்கு மேல் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அவள் முதுகுக்குப் பின்னால் சாவிப் பலகை. வெளியே போகிறவர்கள் சாவியை மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். மறந்தவர்கள் திரும்பி வரும்போது வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். சாவி தொங்கினால் ஆள் வெளியே, இல்லாவிட்டால் உள்ளே. யாராவது தேடி வந்தால், உட்கார்ந்த இடத்திலிருந்தே திரும்பிப் பார்த்துப் பதில் சொல்வாள். முட்டிவலிக்காரிக்கு வேறென்ன வேண்டும்? "என் பலகை பொய் சொல்லாது" என்று பெருமை வேறு.

ஒவ்வொரு வசந்தத்திலும் பெர்ப்பினியோனிலிருந்து ஃபெர்னான் லூபே வந்து தங்குவார். லாரி ஓட்டி ஓய்ந்தவர். அவர் ஸ்பெயினுக்கும் பெல்ஜியத்துக்கும் ஓடிக்கொண்டே இருந்ததில், மனைவி வெறுத்துப்போய்ச் சிறு பெண்ணைக் கூட்டிக்கொண்டு லியோனுக்கு வந்துவிட்டாள். அந்தப் பெண் ஒடீல் இப்போது இதே ஊரில் வேலை பார்க்கிறாள். லூபே வந்ததும் அவளுக்கு ஃபோன் செய்து, "மூணு புறாவுல இருக்கேன், முடிஞ்சா வா" என்பார். சில நாள் காத்திருப்பார். அவள் வரமாட்டாள். ஊருக்குத் திரும்புவார்.

"கொஞ்சம் ஊரைச் சுத்திப் பாருங்களேன், மிஸ்யூ லூபே" என்பாள் மரிவோன்.

"நான் சுத்தாத ஊரா? சுத்தினதுதானே வினை."

ஒரு வருடம் ஒடீல் வந்தே விட்டாள். மழைக்கோட்டிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட மேசை முன் நின்று, "லூபேன்னு ஒருத்தர் இருக்காரா? நான் அவர் பொண்ணு" என்றாள்.

மரிவோனுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். சட்டென்று பலகையைத் திரும்பிப் பார்த்தாள். பதினான்காம் எண் சாவி தொங்கியது.

"அடடா, வெளில போயிருக்காரேம்மா! உக்காருங்க, வந்துடுவாரு."

ஒடீலும் சாவியைப் பார்த்தாள். கசப்பாகச் சிரித்தாள். "எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து அவரு வெளிலதான் போயிருக்காரு." மரிவோன் எழுந்திருப்பதற்குள் போய்விட்டாள்.

சற்று நேரத்தில், அறைகளைச் சுத்தம் செய்யும் அமேலியா வாளியோடு இறங்கி வந்தாள். "பதினாலைப் பாதியில விட்டுட்டேன், மதாம். கூட்டிக்கிட்டு இருக்கேன், பெரியவர் திரும்பி வந்துட்டாரு. ரொட்டி வாங்கப் போனாராம், பொண்ணு வந்தாலும் வரும்னு பாதி வழியிலயே திரும்பிட்டாராம். நாற்காலியில உக்காந்திருக்காரு."

மரிவோன் சமையலறையில் காப்பி கலக்கப் போயிருந்த நேரத்தில் அவர் ஏறியிருக்கிறார். கதவு திறந்தே கிடந்ததால் சாவி தேவைப்படவில்லை. மரிவோன் வாசலுக்கு ஓடினாள். தெருவில் மழைதான் இருந்தது.

உடனே மேலே போய்ச் சொல்லியிருக்கலாம். மகளின் ஃபோன் எண்தான் அவரிடம் இருந்ததே. ஆனால், 'ஒரு குரல் கொடுத்திருக்கக் கூடாதா?' என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றவள், மேசைக்கே திரும்பிவிட்டாள்.

மாலையில் லூபே இஸ்திரி போட்ட சட்டையும் படிய வாரிய தலையுமாக இறங்கி வந்தார். "யாராச்சும் வந்தாங்களா?"

"இல்லையே."

மறுநாள் ஊருக்குக் கிளம்பியவர், சாவியைத் தன் கையாலேயே பலகையில் மாட்டினார். "இனிமே வரல, மரிவோன். பொண்ணுக்கு எதுக்குத் தொந்தரவு." அப்போதாவது சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன வாய் திறக்கவில்லை.

அதன்பிறகு யார் யாரைத் தேடி வந்தாலும் மரிவோன் மாடியேறிக் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள். "சாவிதான் தொங்குதே, மதாம்! வயசு திரும்புதா?" என்று அமேலியா கேலி செய்வாள். மரிவோன் முட்டியைப் பிடித்தபடி அடுத்த படியில் காலை வைப்பாள்.

அடுத்த வசந்தத்தில் ஒடீல் மறுபடி வந்தாள்.

"அப்பா குளிர்காலத்துல போயிட்டாரு. அவரு தங்கின ரூமை ஒரு தடவை பார்க்கலாமா?" பிறகு பலகையைப் பார்த்தபடி, "அன்னிக்கு ஒரு நாளாவது வெளில போகாம இருந்திருக்கலாம்" என்றாள்.

பேசாமல் இருந்தால் மரிவோன் தப்பித்துக்கொள்ளலாம். பழி செத்தவர் தலையிலேயே கிடக்கும். அவள் பதினான்காம் எண் சாவியை எடுத்து ஒடீலின் கையில் வைத்தாள்.

"அவரு அப்ப வெளில இல்லம்மா. மேலதான் இருந்தாரு. நான்தான் ஏறிப் பார்க்கல."

ஒடீலுக்குப் புரியக் கொஞ்சம் நேரமாயிற்று. "உள்ளதான் இருந்தாரா?"

"ஆமா. உனக்காகத்தான் உக்காந்திருந்தாரு. நீ வந்துட்டுப் போனதை நான் அவருகிட்ட சொல்லவும் இல்ல."

ஒடீல் சாவியோடு படியேறினாள். நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருந்தால் தேவலை என்று இருந்தது மரிவோனுக்கு.