பதினோராவது வளைவும் பழைய கோப்பும்

போன வருடம் வால்பாறை மலையில், பதினோராவது கொண்டை ஊசி வளைவில், காரை நிறுத்திவிட்டேன். மேலிருந்து ஒரு பேருந்து இறங்கிக்கொண்டிருந்தது. எது பிரேக், எது கிளட்ச் என்றே தெரியவில்லை. பின்னால் வந்த டெம்போவில் இரண்டு ஓட்டுநர்கள் இருந்தார்கள். ஒருவர் இறங்கி வந்து, "நகருங்க, நான் ஏத்தித் தாரேன்" என்றார். மாமியார் குடியிருக்கும், தேயிலை எஸ்டேட்டில் வரிசையாகக் கட்டிய லைன் வீட்டு வாசலில், என் காரிலேயே நான் பக்கத்து இருக்கையில் வந்து இறங்கினேன். "மாப்பிள்ளை டிரைவர் வெச்சு வந்திருக்காரு" என்று பக்கத்து வீட்டம்மா சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

இந்த வருடமும் அங்கே மாதா கோயில் தேர் வந்தது. மூன்று வாரம் முன்பே என் மனைவி, "பஸ்லயே போயிரலாங்க" என்றாள். கேலியாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்பாகச் சொன்னாள்.

அப்போதுதான் கணினியில் பேருந்து ஓட்டும் விளையாட்டு ஒன்றுக்கு வால்பாறைச் சாலையையே யாரோ செய்து போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். விளையாட்டை உருவாக்கியவர்கள் தராததை வெளியாட்கள் செய்து சேர்ப்பதை மோட் என்கிறார்கள். நாற்பது வளைவும் அதில் உண்டாம். மேசையிலேயே நூறு முறை ஏறிவிட்டால் பயம் போய்விடாதா?

ஆனால் என் கணினியில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். நான் எட்டாவதோடு பள்ளியை விட்டு, பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டப் போனவன். பழைய கணினி விற்ற கடைக்காரர், "லினக்ஸ் போட்டுத் தாரனுங்க, வைரஸே வராதுங்க" என்றார். கதவைப் பூட்டினோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவனுக்கு வேறென்ன வேண்டும்? வைரஸ் வராத இடத்துக்கு வேறெதுவும் லேசில் வராது என்பதை அவர் சொல்லவில்லை.

விளையாட்டோ விண்டோஸுக்குச் செய்தது. லினக்ஸில் அதை ஓட்ட நடுவில் ஒரு மென்பொருள் வேண்டும். மோட் கோப்பை 'டாக்குமென்ட்ஸ்' உள்ளே இருக்கும் மோட் கோப்புறையில் போடு என்று போட்டிருந்தார்கள். அங்கே அப்படி ஒன்றும் இல்லை. நானே ஒன்றை உண்டாக்கிப் போட்டேன். விளையாட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள்தான் விஷயம் தெரிந்தது: அந்த நடு மென்பொருள், மறைத்துவைத்த கோப்புறை ஒன்றுக்குள், வெறும் எண்ணைப் பேராகக் கொண்ட இன்னொன்றுக்குள், போலியாக ஒரு விண்டோஸ் வீடு கட்டி வைத்திருந்தது. என் வீட்டுக்குள் எனக்கே தெரியாமல் ஒரு வீடு. அதைத் தொட்டால் கல்யாணப் படங்கள் அழிந்துவிடுமோ என்று பென்டிரைவில் இரண்டு முறை நகல் எடுத்த பிறகே தொட்டேன்.

அங்கே போட்டதும், இது விளையாட்டின் பழைய பதிப்புக்கான சாலை என்றது. புதியதை இறக்கிப் போட்டேன். விளையாட்டைத் திறந்தால், எவ்வளவு ஏறியது என்று காட்டும் கோடு முக்கால்வாசி ஓடியது. அப்புறம் மொத்தமும் மறைந்தது. ஏன் என்று ஒரு வரி கிடையாது. மறுபடி ஓட்டினால் மறுபடி மறைந்தது. இப்படி ஒரு வாரம். திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் டிரைவர் என்ற மென்பொருள்தான் காரணம் என்று அதை மாற்றப்போய், திரை எழுத்தெல்லாம் பூதம்போல வீங்கி, அதைச் சரிசெய்ய இரண்டு நாள். சாப்பிடும்போதுகூடக் கண் திரையில்தான்.

"மலையேறப் போறவரு மூஞ்சியப் பாரு. அடிவாரத்துலயே இப்பிடிங்களா?" என்றாள் மனைவி.

கடைசியில் இணையத்தில் மோட்காரர்கள் கூடும் இடத்தில் கேட்டோம். அவள் பன்னிரண்டாவது முடித்தவள். ஆங்கிலத்தில் அவள்தான் தட்டினாள். கோப்புறையில் இருப்பதை எல்லாம் எழுதச் சொல்லிப் பதில் வந்தது. நான் ஒவ்வொன்றாகக் காட்டக் காட்ட, அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

"ஏனுங்க, இதுல ரெண்டு வால்பாறை இருக்குது."

"ஒண்ணு பழசு, அம்மணி."

"புதுசு போட்டதுக்கப்புறம் பழசு எதுக்குங்க?"

எங்கள் பட்டறையில் கழற்றியதைத் தூக்கிப் போடுவது கிடையாது. கருகிய பழைய செம்புக் கம்பியைச் சுருட்டிக் கட்டி, அந்த மோட்டார் பக்கத்திலேயே வைப்போம். மோட்டார்காரர் வந்து பார்த்து, எடுத்துக்கொண்டு போவார். இல்லையென்றால், செம்பை அமுக்கிவிட்டான் என்ற பேச்சு வரும். இருபத்தைந்து வருடப் பழக்கம். கை அதுவாகவே பழைய கோப்பைப் புதியதன் பக்கத்தில் வைத்திருக்கிறது.

"தூக்கிப் போட்டா நாளைக்கு யாராவது கேட்டா?" என்றேன்.

"யாருங்க வந்து கேக்கறாங்க? ஒரே எடத்துல ரெண்டு மலையக் கொண்டாந்து வெச்சா அதுதான் என்ன பண்ணும் பாவம்!"

அப்போதும் அழிக்க மனம் வரவில்லை, பென்டிரைவுக்கு மாற்றினேன். சாலை திறந்தது.

தேருக்கு முந்தின நாள் சாயங்காலம் அது. அம்புக்குறிப் பொத்தான்களை அழுத்தி அழுத்தி ஏறினேன். நான்காவது முறை எதிலும் இடிக்காமல் உச்சிக்குப் போனேன். பின்னால் நின்று டீ குடித்துக்கொண்டிருந்த மனைவி கேட்டாள், "எதுத்தாப்ல ஒரு வண்டியும் வரலீங்களே?"

வரவில்லைதான். சாலை துடைத்துவைத்ததுபோல் காலியாக இருந்தது. எதிரே வண்டி வர வேறு மோட் போட வேண்டுமாம். விசைப்பலகையைத் தூக்கி எறியலாம் போலிருந்தது.

"போன வருசம் உங்களைப் பயமுறுத்துனது வளைவுங்களா, பஸ்ஸுங்களா?" என்றாள். நான் கணினியை அணைத்தேன். இன்னொரு மோட் என்றால் இன்னும் மூன்று வாரம். தேர் நாளைக்கு.

காலையில் நானே ஓட்டினேன். பதினோராவது வளைவில், சொல்லிவைத்ததுபோல், மேலே ஹாரன் கேட்டது. ஓரத்தில் ஒதுங்கி நின்றேன். பேருந்து சுவர்போல இறங்கியது. கார் ஒரு சாண் பின்னால் நழுவியது, கைப்பிரேக்கை இழுத்தேன். நடத்துநர் படியில் தொங்கியபடி, "அண்ணா, இன்னுங் கொஞ்சம் ஓரங்கட்டுங்க... ஆங், போதும், அப்பிடியே நில்லுங்க!" என்று கத்தினார். மனைவி மடியிலிருந்த கேக் பெட்டியை இறுகப் பிடித்திருந்தாள். பேருந்து போனபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. முதல் கியரைப் போட்டேன். இன்னும் இருபத்தொன்பது வளைவு.

லைன் வீட்டு வாசலில் அதே பக்கத்து வீட்டம்மா காருக்குள் எட்டிப் பார்த்து, "டிரைவர் எங்க, மாப்பிள்ளை?" என்றார்.

"இவருதாங்க டிரைவர்" என்றாள் மனைவி, சத்தமாக.

நல்ல பிரியாணி. எனக்கு இறங்கவில்லை. மேசையில் நான் பழகியதெல்லாம் ஏற்றம். இறக்கத்தை ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. எல்லோரும் தேர் பார்க்கப் போனபோது நான் காரில் தனியாக உட்கார்ந்து, பிரேக்கை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.