திங்களன்றே எழுதிய சனிக்கிழமை

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஒரு கெட்ட பழக்கம் என்றால் எல்லோரும் குடியைத்தான் நினைப்பார்கள். நினைப்பதில் தப்பில்லை. ஆனால் குடிக்கு முன்பே அவரிடம் ஒட்டிக்கொண்ட பழக்கம் இன்னொன்று உண்டு. அதற்கு நாற்றம் கிடையாது, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

பதினான்கு கட்டடங்கள் அவர் பொறுப்பு. ஒவ்வொரு லிஃப்டுக்குள்ளும் கண்ணாடிச் சட்டத்தில் ஓர் அட்டை இருக்கும். பிரேக், கயிறு, கதவு, எண்ணெய் என்று வாராவாரம் பார்த்து, டிக் அடித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அத்தனையையும் உண்மையாகவே பார்க்க மனிதனுக்குப் பத்துக் கால் வேண்டும். அவருக்கு இருந்ததோ இரண்டு, அதிலும் ஒன்றின் முட்டி தேய்ந்துபோனது. ஆகவே அந்தத் தொழிலில் பலரும் செய்வதை அவரும் செய்தார். மாதம் பிறந்ததுமே நாலு வாரத்துக்கும் டிக் அடித்துவிட்டு, பிறகு முடிந்தபோது முடிந்ததைப் பார்த்தார். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு லிஃப்டும் விழவில்லை. விழுந்தது அவர்தான்.

அவர் மனைவி ஓர் ஆஸ்பத்திரியின் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்ப்பவள். எத்தனையோ கறைகளைப் பார்த்தவள், இந்தக் கறையோடு மட்டும் ஏழு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். சிகிச்சைக்குப் போகிறேன், தினமும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்று இவர் சொல்லியனுப்பியபோது, "குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு" என்று மச்சான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"நூறு நாள். தினமும் எழுதச் சொல்லியிருக்காங்கல்ல, அந்த நோட்டை நானே படிச்சுப் பார்ப்பேன். வர்றதா வேண்டாமான்னு அப்புறம் சொல்றேன்."

சிகிச்சைக்கான ஆலோசனை அறை அவர் பார்க்கிற கட்டடம் ஒன்றின் நாலாவது மாடியில் இருந்தது. ஆலோசகர் அவர் வயதில் பாதி இருப்பாள். நாளுக்கொரு தாள் கொடுத்தாள். என்ன நடந்தது, மனதில் என்ன ஓடியது, குடிக்கிற ஆசை பத்துக்கு எத்தனை, அந்த நினைப்புக்குச் சாட்சி என்ன, கடைசியில் என்ன செய்தீர்கள் என்று கட்டங்கள்.

"ஒரு நினைப்பு வந்துட்டதாலேயே அது உண்மை ஆயிடாது சார். சாட்சி இருக்கான்னு கேளுங்க. நீங்க கேட்டு முடிக்கிறதுக்குள்ள ஆசை பாதி இறங்கியிருக்கும்."

அது அவருக்குப் பிடித்திருந்தது. லிஃப்ட் நின்றுவிட்டால் எடுத்த எடுப்பில் மோட்டாரையா கழற்றுகிறோம், எங்கே பழுது என்றுதானே தேடுகிறோம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். இத்தனை தெரிந்தும், திங்கட்கிழமை ஆலோசனை முடிந்து வெளியே வந்ததும், மாடிப்படியில் உட்கார்ந்து அந்த வாரத்தின் ஏழு தாளையும் எழுதி முடித்துவிட்டார். ஏமாற்ற வேண்டும் என்றில்லை. கட்டத்தைக் கண்டால் கை தானாக ஓடியது.

பதினோராம் நாள் ஒரு சனிக்கிழமை. ஒரு லிஃப்ட் நடுவில் நின்று, உள்ளே நாலு பேர் முக்கால் மணி நேரம் மாட்டிக்கொண்டார்கள். வெளியே வந்த ஆள் இவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டான். நான் எதற்கும் லாயக்கில்லாதவன் என்று மனதில் ஓடியது. சாட்சி கேட்க நினைவு வரவில்லை, கடைக்குப் போய்விட்டார். குடித்தபின் மனைவிக்குப் போன் போட்டு, ஒன்றும் பேசாமல் வைத்தார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தால் அன்றைய தாள் தயாராக இருந்தது: ஆசை மூன்று, நேரே வீட்டுக்கு வந்தேன். தாளில் இருந்தவர் குடிக்கவில்லை, வீட்டுக்கு வந்தவர்தான் குடித்திருந்தார். அடித்துத் திருத்தத் தெம்பில்லை. மறுநாளிலிருந்து சத்தியமாகவே தொடவில்லை. ஆனால் அந்தத் தாள் அப்படியே இருந்தது. திங்களன்றே எழுதும் பழக்கமும் போகவில்லை.

நூறாவது நாள் வியாழக்கிழமை வந்தது. மனைவிக்கு லீவு அன்றைக்குத்தான். ஆலோசகரின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, அவள் ஒரு தாள் விடாமல் படித்தாள். பதினோராம் நாளில் நின்றாள். அதை இன்னொரு தடவை படித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போனாள். நூறு வந்தது. அவள் நிறுத்தவில்லை, அதற்கடுத்த தாள்களையும் திருப்பினாள்.

"இன்னைக்கு வியாழன்தானே?"

"ஆமா."

"சனிக்கிழமை சாயங்காலம் உங்களுக்கு ஆசை நாலுன்னு போட்டிருக்கு. நேரா வீட்டுக்கு வந்துட்டீங்களாம்."

கையும் களவுமாகப் பிடிபட்டாயிற்று. ஆலோசகர் பேனாவை மூடிவைத்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி, திங்களுக்குத் திங்கள் முடிந்த வாரத்தைத்தான் அவள் பார்த்திருந்தாள். என்ன சொன்னாலும் இனி யார் நம்பப்போகிறார்கள் என்ற அசதியில், மெக்கானிக் வாயிலிருந்து உண்மை தானாக வந்துவிட்டது.

"பதினோராம் நாள் குடிச்சேன். அன்னைக்கு ஒரு நாள்தான். தாளை முன்னாடியே எழுதிட்டேன்."

"குடிச்சது தெரியும். அன்னைக்குப் போன் போட்டுப் பேசாம வெச்சீங்களே, அந்த மூச்சு எனக்குத் தெரியாதா? நான் என்ன நூறு நாள் சுத்தமா இருக்கான்னு பார்க்கவா வந்தேன்? அந்த ஒரு நாளை எழுதியிருக்கீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன்."

நோட்டை அவர் மடியில் வைத்துவிட்டு எழுந்தாள். அவரும் நோட்டோடு பின்னாலேயே போனார். லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே சட்டத்திலிருந்த அட்டையைப் பார்த்தாள். இன்னும் வராத வாரத்துக்கும் அதே டிக், அதே கையெழுத்து. உள்ளே வைக்கப்போன காலை எடுத்துக்கொண்டு மாடிப்படிப் பக்கம் திரும்பினாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் யார் திட்டியும் அவருக்கு இப்படி வலித்ததில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். முட்டி உயிரை எடுத்தது. கீழே செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போனது. போய்விட்டாள், இனி வரமாட்டாள் என்று மனதில் ஓடியது. அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டார். இந்த அசதிக்கு ஒரே மருந்துதான் அவருக்குத் தெரியும், அது தெருமுனையில் விற்றது. ஆசை எட்டு. இல்லை, ஒன்பது.

சட்டைப்பையில் பேனா இருந்தது. நூறாம் நாள் தாளில் எழுதியிருந்ததையெல்லாம் அடித்துவிட்டு, ஓரத்தில் கிறுக்கலாக எழுதினார். நடந்தது: பிடிபட்டேன். நினைப்பு: போய்விட்டாள். ஆசை: ஒன்பது. சாட்சி என்ற கட்டத்துக்கு வந்தபோது எழுத ஒன்றும் தோன்றாமல் காது கொடுத்துக் கேட்டார். செருப்புச் சத்தம் எப்போதோ நின்றுபோயிருந்தது. கைப்பிடிக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தார்.

இரண்டாவது மாடித் திருப்பத்தில், சுவரில் சாய்ந்து, மேலே பார்க்காமல் அவள் நின்றுகொண்டிருந்தாள்.

"முட்டி வலிக்குதுன்னா மெதுவா வாங்க" என்றாள். "வீட்டுக்கு வர்றேன்னு சொல்லல. கீழ வரைக்கும் நிக்கிறேன்."

சாட்சிக் கட்டத்தில் அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.