சோதனைக்குக் கொடுத்த பெயர்

உம்மா மௌத்தான பிறகு கல்முனைக்குடி வீட்டில் நௌசாத் மட்டும்தான். அங்கிருந்தே கொழும்பு நிறுவனமொன்றுக்கு பி.எச்.பி மொழியில் கணினி நிரல் எழுதுகிறான்.

வாடிக்கையாளர்களுக்குப் பெருநாள் வாழ்த்து அனுப்பும் நிரல் அவனுடையது. ஒவ்வொரு வாழ்த்தையும் உருவாக்குவது அதிலுள்ள 'கண்டெய்னர்' என்ற பகுதி. வாழ்த்தைத் தொடங்கிவைக்கும் 'கன்ஸ்ட்ரக்டர்' வரிகள் கேட்கும் மற்றதையெல்லாம் அதுவே தேடிக் கொடுத்துவிடும். பெயரை மட்டும் நாம்தான் சொல்ல வேண்டும்.

"பேரக் குடுக்காட்டி வாழ்த்து உருவாகாது, பிழைதான் வரும்," என்று புதிதாய்ச் சேர்ந்த றிபாவுக்குப் போனில் விளக்கினான்.

"நானா, சோதனைக்கு ஆர்ட பேரக் குடுத்தீங்க?" என்று அண்ணனிடம் கேட்பதுபோல் கேட்டாள் றிபா.

"என்ட பேரும் நம்பரும்தான்."

ஹஜ்ஜுப் பெருநாள் தொழுதுவிட்டு வந்தபோது போன் ஒலித்தது. 'ஈத் முபாரக், நௌசாத்.' சிரித்துக்கொண்டே திறந்தான். அவனுடைய நிரல்தான் அனுப்பியிருந்தது. சோதனைப் பெயரை நீக்க மறந்திருந்தான். பிற்பகல் அஸர் தொழுகை வரை வேறு யாருடைய வாழ்த்தும் வரவில்லை.

விடுமுறை முடிந்து நிரலில் இருந்த பிழைகளையெல்லாம் திருத்தினான். தன் பெயரும் நம்பரும் இருந்த அந்த ஒரு வரியில் மட்டும் கை வைக்கவில்லை.