நளினி கேட்டு வாங்கிய பொம்மை

ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடமே போய்விடுவதென்று முடிவானதும், எட்மண்ட் நந்திதுர்க்கில் இருந்த தன் பங்களாவைக் காலி செய்யத் தொடங்கினார். தனக்குச் சமைத்துப்போட்டு வீட்டையும் பார்த்துக்கொண்ட நளினியைக் கூப்பிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஃபிரிட்ஜைக் கேட்பாள் என்று நினைத்திருந்தார். அவளும் அதை நினைத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது.

"அந்தக் குளிக்கிற பொம்பள பொம்மையக் குடுங்க சார்."

முழ உயர வெண்கலச் சிலை. பாறையில் உட்கார்ந்து, ஒரு காலைத் தொடைமேல் போட்டுப் பாதத்தைத் துடைக்கும் பிரெஞ்சுக்காரி. எட்மண்டின் தாத்தா ஏதோ ஏலத்தில் எடுத்தது. செய்தவன் தேவதை எதையும் செய்யவில்லையாம். துணி வெளுக்கிற ஒருத்தியை உட்காரவைத்து, வயிற்று மடிப்பும் சரிந்த மார்புமாக, இருந்தது இருந்தபடியே செய்தானாம்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நளினி முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் அதைத் துடைப்பாள். போகப்போகப் பார்க்க ஆரம்பித்தாள். அந்தப் பெண் யாராவது வருகிறார்களா என்று திரும்பவே இல்லை. கண் பாதத்திலேயே இருந்தது. எப்படி முடிகிறது இவளால் என்று நளினிக்கு ஆத்திரம்கூட வந்ததுண்டு.

அவள் பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள் இருந்த ஒரே லைனில்தான். வீட்டுக்குப் பின்னால் மூன்று பக்கம் தகரம், நாலாவது பக்கம் ஒரு பழைய புடவை. அதுதான் குளிக்கிற இடம். பதினாறு வயதில் ஒருநாள் குளித்துக்கொண்டிருந்தபோது யாரோ அந்தப் புடவையை விலக்கினார்கள். நளினி பார்த்தது ஒரு கையை மட்டும்தான். யாருடைய கை என்று கடைசிவரை தெரியவில்லை. அதனால் லைனில் இருந்த ஆம்பளைகள் எல்லாருடைய கையையும் பார்த்துக்கொண்டே வளர்ந்தாள். அன்றிலிருந்து விடிவதற்குள் உள்பாவாடையோடு நாலு சொம்பு ஊற்றிக்கொண்டு ஓடிவருவதே அவள் குளியல். கல்யாணமாகி மகளைப் பெற்ற பிறகும் அப்படித்தான்.

ஆட்டோவில் போர்வை சுற்றி வந்து இறங்கிய சிலையைப் பார்த்ததும் அவள் புருஷன் திலீப்புக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெங்களூர் கம்பெனி வேலைக்கு ரயிலில் போய்வருகிறவன். அன்று அவனுக்கு லீவு. ஃபிரிட்ஜை விட்டுவிட்டு இதையா தூக்கிவந்தாய் என்று கேட்டான். மகள் ஸ்வப்னாவைப் பெண்பார்க்க வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்றான். நளினி அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அங்கே இருப்புக் கொள்ளவில்லை. சமையல்கட்டுக்கு மாற்றினாள், பீரோமேல் வைத்தாள், துண்டு போட்டு மூடினாள், மூடியதை எடுத்தாள். ஒரு வாரம் இப்படியே போயிற்று. ஞாயிற்றுக்கிழமை திலீப் அதைக் கோணிப்பையில் போட்டு, பழைய இரும்புக் கடைக்குக் கிளம்பினான்.

நளினி வாசலை மறித்து நின்றாள். அந்தக் கையைப் பற்றி முதல்முறையாகச் சொன்னாள். ஸ்வப்னா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

திலீப் பையைக் கீழே வைத்தான். "இத்தினி வருசம் இன்னாத்துக்குச் சொல்லல?"

"சொன்னா இன்னா செஞ்சிருப்பீங்க? பொடவைய இன்னும் கெட்டியாக் கட்டிக்கன்னு சொல்லியிருப்பீங்க."

அப்படித்தான் சொல்லியிருப்பான் என்று திலீப்புக்கே தெரிந்தது. ஸ்வப்னா தானும் அப்படித்தான், யாராவது காவலுக்கு நின்றால்தான் குளிப்பதாகச் சொன்னாள். திலீப் சிலையைப் பையிலிருந்து எடுத்து டிவிக்குப் பக்கத்தில் வைத்தான்.

அடுத்த ஞாயிறு மாரிகுப்பத்திலிருந்து ஒரு மேஸ்திரியை அழைத்துவந்தான். குளிக்கிற இடத்தைச் சுற்றிச் சுவர் எழும்பியது. மேலே ஷீட், முன்னால் இரும்புக் கதவு, உள்ளே தாழ்ப்பாள். பிறகொருநாள் பெண்பார்க்க வந்த அம்மாள் டிவிக்குப் பக்கத்தில் இருந்த சிலையைப் பார்த்து, "இது யாரு, மேரியம்மாவா?" என்றாள். ஸ்வப்னா சிரிப்பை அடக்கிக்கொண்டு காப்பி கொடுத்தாள். சம்பந்தம் வேறு காரணத்தால் தட்டிப்போனது.

கதவு போட்ட அன்று மத்தியானம் நளினி தண்ணீர் காய்ச்சி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். தாழ்ப்பாளைப் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். முதல் சொம்பு ஊற்றியதும் வெளியே செருப்புச் சத்தம் கேட்டு உடம்பு சுருங்கியது. எழுந்து மறுபடி தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். தண்ணீர் ஆறிக்கொண்டிருந்தது. சற்றுப் பொறுத்து, உள்பாவாடை நாடாவை அவிழ்த்தாள்.