புதுச் சேலைத் தொட்டில்

என் மாமியார் சம்பூர்ணத்துக்குப் புதுசு என்றாலே ஆகாது. மீன்சுருட்டியில் எங்கள் தெருவே மிக்சிக்கு மாறிய பிறகும் எங்கள் வீட்டில் அம்மிதான். பேர் வைக்கும்வரை பிள்ளைக்குப் புதுத்துணி கூடாது, பழஞ்சேலையில்தான் தொட்டில் என்று சொல்லிவிட்டால் சொன்னதுதான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தொண்ணூற்றெட்டில் என் மகன் பிறந்தான். ஒரு மத்தியானம் வீறிட்டு அழுதான். தூக்கிப் பார்த்தால் குதிகாலில் ரத்தம். கூரை மூங்கிலில் ஒரு கிழட்டு எலி உட்கார்ந்து மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தது. அது ஓடவில்லை. என்னையே பார்த்தது.

பிள்ளைக்கு ஊசி போட்டுவந்த கையோடு, வயலில் எலி பிடிக்கும் பாவாடை என்பவரைக் கூப்பிட்டோம். வில்போல நாண் பூட்டிய கிட்டி என்னும் மூங்கில் எலிப்பொறிகளில் பொரி போட்டு வைத்தார். குட்டி எலிகள் மோந்து பார்க்க ஓடிவந்து அன்றே மாட்டின. கிழடு கிட்டேயே வரவில்லை.

“சின்னதுல புதுசக் கண்டா ஓடியாரும். வயசாயிட்டா, இருக்குற சாமான் எடம் மாறுனாக்கூட ஒதுங்கிப் போவும்” என்றார் பாவாடை. “கிட்டிய நாண் பூட்டாம அங்கனயே வுடுறேன், பழகட்டும். அதுவரைக்கும் தொட்டிலு தெனம் புதுசா இருக்கணும்மா. பழஞ்சேலைல வூட்டு வாசம் அடிக்குது, அதான் வருது.”

“பேர் வைக்காத புள்ளைக்குப் புதுசா? ஆகாது!” என்றார் மாமியார்.

“அதுக்குன்னு எலிக்குத் தின்னக் குடுப்பமா அத்தை?” என்று கத்திவிட்டேன்.

பெட்டியில் மடிப்புக் கலையாமல் இருந்த என் சேலைகளைத் தினம் ஒன்றாகத் தொட்டில் கட்டினேன். மத்தியானம் தெரு அடங்கியதும் கிழட்டு எலி இறங்கும். தொட்டில் கயிறுவரை வரும். மூக்கு மட்டும் துடிக்கும். பிறகு திரும்பிப் போய்விடும். போகப்போக, போகிற வழியில் கிட்டியில் கிடந்த பொரியையும் தின்னத் தொடங்கியது.

பாவாடை நாண் பூட்டிவிட்டுப் போன அன்று என் சேலைகள் தீர்ந்திருந்தன. மாமியார் எழுந்து தகரப்பெட்டியைத் திறந்தார். தான் செத்தால் கட்டிவிட வேண்டும் என்று கற்பூரம் போட்டு எடுத்து வைத்திருந்த புது அரக்குச் சேலை. அவரே தொட்டில் கட்டி, பிள்ளையைப் படுக்க வைத்தார். ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எலி இறங்கியது. கயிற்றருகே வெகுநேரம் நின்றது. பிறகு மெல்லத் திரும்பிக் கிட்டிக்குப் போனது.

படார்.

பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு அழுதேன். “அத்தை, சேலைய அவுத்துத் தந்துடுறேன்” என்றேன்.

அவர் பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி, மறுபடி அதிலேயே படுக்க வைத்து ஆட்டினார்.

“கெடக்கட்டும்டி. எனக்கு இப்ப என்ன அவசரம்?”