நகராத அம்புக்குறி

சிறுசேரியில் எங்கள் அலுவலகக் கிடங்கில் கிடந்த பழைய மவுஸைத் திறந்தேன். உள்ளிருந்த ரப்பர் உருண்டை கையில் விழுந்தது. அதன் அழுக்கு வாடை என்னைச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனது.

பள்ளி விட்டதும் அம்மா வேலை பார்த்த லாரி ஆபீசில் உட்கார்ந்திருப்பேன். அங்கே போனுக்கும் இன்டர்நெட்டுக்கும் ஒரே லைன். ஒருநாள் அம்மா முக்கியமான மெயில் அனுப்பிக்கொண்டிருக்கையில் மேனேஜர் போனை எடுத்துவிட்டார். லைன் அறுந்து மெயில் போகவில்லை. அவள் காரணத்தைச் சொன்னதும், "வேல தெரியாத உன்ன வெச்சிகினு பேஜாரா கீது. நாளைலேர்ந்து வராத" என்று எல்லார் முன்னும் கத்தினார்.

அம்மா தினமும் துடைப்பதுபோல் மவுஸைத் திறந்து, உருண்டையைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மூடியைத் திருகி வைத்தாள்.

நாங்கள் செருப்பு மாட்டும்போது மேனேஜர் அவள் நாற்காலியில் உட்கார்ந்து மவுஸை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா இது, அம்புக்குறி நவுரவே மாட்டேங்குது?"

"எனக்குத்தான் வேல தெரியாதே சார்."

வழியில் உருண்டையைக் கொளவாய் ஏரியில் வீசிவிட்டு, எனக்கு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள்.

இன்று போனில் கேட்டேன்: "அது தப்புன்னு எப்பனா தோணிச்சாம்மா?"

"தோணிச்சி. கீபோர்டையும் எடுத்துனு வந்திருக்கணும்."