நான் போட வைத்த கையெழுத்து

1. லேபில் தமிழ் கூடாது

எழுபதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். துறையில் நான் ஒருத்திதான் பெண். முதல் நாளே துறைத் தலைவர் கூப்பிட்டுச் சொன்னார்:

"லேப்ல தமிழ் கூடாதும்மா. எக்ஸாம் இங்கிலீஷ்ல. எக்ஸ்டர்னல் வந்து வைவா கேக்கறதும் இங்கிலீஷ்ல. நீங்க தமிழ்ல சொல்லிக் குடுத்தா பசங்களுக்குத்தான் நஷ்டம்."

அதில் நியாயம் இருப்பதாகத்தான் பட்டது. நான் ஒப்புக்கொண்டதற்கு வேறொரு காரணமும் உண்டு. போளூருக்கு அருகே ஒரு கிராமத்தில் எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழில் படித்தவள் நான். சென்னையில் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், நான் வாயைத் திறந்து ஒரு பதில் சொன்னதும் வகுப்பே சிரித்தது. அதற்குப் பிறகு தனியாக உட்கார்ந்து பேசிப் பேசி உச்சரிப்பை மாற்றிக்கொண்டேன். நான் எங்கிருந்து வந்தவள் என்று இங்கே யாருக்கும் தெரியக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

என் மாணவர்களில் பாதிக்கு மேல் வேட்டவலம், கீழ்பென்னாத்தூர், செங்கம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். நான் இங்கிலீஷில் சொல்லி முடித்ததும், லேப் அட்டெண்டர் பாஷா பாய் பாட்டில்களை எடுத்து வைக்கிற சாக்கில் ஒவ்வொரு மேஜையாகப் போவார். தாழ்ந்த குரலில், "ட்யூப் சூடா இருக்கறப்ப தண்ணி காட்டாதீங்க. ஆறட்டும். அப்பால ஜாஸ்தி தண்ணியில கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க" என்பார். பிள்ளைகள் அதைக் கேட்டுத்தான் வேலை செய்தார்கள். எனக்கு அது தெரியும். தெரியாத மாதிரி இருந்தேன்.

ஒருநாள் துறைத் தலைவர் அதைக் கேட்டுவிட்டார். "இன்னாய்யா, அட்டெண்டர் கிளாஸ் எடுக்கறியா? இனிமே வாயைத் திறந்தே, ஸ்டோர் ரூமுக்கு அனுப்பிடுவேன்."

பாஷா பாய் என்னைப் பார்த்தார். நான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

2. அஞ்சலை

அஞ்சலை முதல் வருடம் பி.எஸ்சி. கீழ்பென்னாத்தூரிலிருந்து உள்ளே தள்ளி ஒரு காலனி அவள் ஊர். அந்தக் காலனியிலிருந்து கல்லூரிக்கு வந்த முதல் பெண். அவளைப் போன்றவர்களைத் துறையில் 'ஸ்காலர்ஷிப் கேஸ்' என்பார்கள். அவள் காதுபடவே சொல்வார்கள்.

அவளுடைய எழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும். வகுப்பில் மட்டும் பேசமாட்டாள்.

பாஷா பாய் வாயை மூடிக்கொண்ட மூன்றாவது வாரம் சால்ட் அனாலிசிஸ் நடந்தது. உப்பை கான்சென்ட்ரேட்டட் சல்ஃப்யூரிக் ஆசிட்டில் போட்டுச் சூடாக்கி, வரும் வாயுவைப் பார்க்க வேண்டும். முடிந்ததும் ட்யூபை ஆறவைக்க வேண்டும். சூடான ஆசிட்டில் தண்ணீர் பட்டால் சீறி வெளியே தெறிக்கும். இதை இங்கிலீஷில், வேகமாக, நல்ல உச்சரிப்போடு சொன்னேன். புரிந்ததா என்று கேட்டேன். எல்லோரும் "எஸ் மேடம்" என்றார்கள்.

அஞ்சலை சோதனையைச் சரியாகச் செய்தாள். விடையையும் சரியாகக் கண்டுபிடித்தாள். பிறகு ட்யூபைக் கழுவ நேரே குழாயடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

அவள் அலறியது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. முதலில் ஓடியவர் பாஷா பாய். அவள் தலையைக் குழாய்க்குக் கீழே அழுத்திப் பிடித்துக்கொண்டு, "கண்ணைத் தொற தாயி, தொற, தண்ணி போவட்டும்" என்று கத்தினார். இடது கன்னமும் கழுத்தும் வெந்துவிட்டன. இடது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

3. அறிக்கை

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்கு ஒரு தாளோடு என்னை அனுப்பினார்கள். 'பாதுகாப்பு விதிகள் தெளிவாக விளக்கப்பட்டன. என் கவனக்குறைவால் விபத்து நேர்ந்தது' என்று இங்கிலீஷில் தட்டச்சு செய்திருந்தது. அதன் கீழே அஞ்சலை கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை. அதைத் துறைத் தலைவர் ஞாபகப்படுத்தித்தான் அனுப்பினார்.

அவளுடைய அப்பா வார்டு வாசலில் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். "நீங்க பாத்து சொன்னா சரிதாங்க" என்றார்.

அஞ்சலை தாளை வாங்கிப் பார்த்தாள். "இன்னா எழுதிருக்குது மேடம்?"

"ஆக்சிடென்ட்னு எழுதிருக்கும்மா. அவ்ளோதான்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அதன் பிறகு அவள் கல்லூரிக்கு வரவில்லை. அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் அவள் பெயரைச் சிவப்பு மையில் அடித்தவள் நான்தான்.

4. இரண்டு வருடம் கழித்து

என் வேலை நிரந்தரமானது. எனக்குத்தான் நிம்மதி வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்துக் கீழ்பென்னாத்தூரில் இறங்கி, விசாரித்து நடந்து போனேன். களத்தில் நாலைந்து பெண்களோடு உட்கார்ந்து அஞ்சலை வேர்க்கடலைச் செடியிலிருந்து மல்லாட்டை பறித்துக்கொண்டிருந்தாள். முந்தானையை இடது பக்கம் இழுத்து விட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

சொல்ல வந்ததை அவசரமாகச் சொன்னேன். "அன்னிக்கு நான் உங்கிட்ட பொய் சொன்னேன் அஞ்சலை. அந்தத் தாள்ல தப்பு உன்னுதுன்னு எழுதியிருந்தாங்க."

"தெரியும் மேடம்."

"எப்படித் தெரியும்?"

"படிச்சேனே. ஒரு கண்ணு தொறந்துதானே இருந்துச்சு. எனக்கு இங்கிலீஷ் படிச்சா புரியும் மேடம். நீங்க பேசினாத்தான் புரியாது. போர்டுல ஒரு வரி எழுதிப் போட்டிருந்தீங்கன்னா பாத்திருப்பேன்."

"அப்புறம் எதுக்கும்மா கையெழுத்துப் போட்டே?" என்றேன்.

"தங்கச்சி பத்தாவது படிச்சிக்கினு இருந்தா. நான் ரகளை பண்ணா நாளைக்கு அவளைச் சேத்துக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்." செடியை உதறினாள். "எங்கப்பா அவளை அனுப்பவே இல்ல மேடம். ஒருத்தி போய் வந்தது போதும்னுட்டாரு."

குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

5. பிறகு

உண்மையை எழுதி முதல்வரிடம் கொடுத்தேன். ஃபைல் முடிந்துவிட்டது என்றார்கள். மறு வாரம் லேபில் எல்லாவற்றையும் தமிழில் சொன்னேன். போர்டில் இரண்டு மொழியிலும் எழுதினேன். மெமோ வந்தது. பதில் எழுதினேன். மறுபடி வந்தது. தமிழில் சொன்னதால் என் மாணவர்கள் யாரும் வைவாவில் தோற்கவில்லை. எண்பதுகளில் புதிய துறைத் தலைவர் வந்த பிறகு மெமோ நின்றது. பாஷா பாய் அதற்குள் ஓய்வு பெற்றுவிட்டார். அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும்.

புதிதாக ஆசிரியர் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பில் ஒரு பிள்ளை பேசாமல் இருந்தால் அதற்கு அறிவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். எந்த மொழியில் அதன் காது திறக்கும் என்று தேடுங்கள். அந்த மொழி உங்களுடையதும்தான் என்றால் அதைப் பேச வெட்கப்படாதீர்கள். என்னுடைய வெட்கத்துக்கு விலை கொடுத்தவள் நான் இல்லை.